நூற்றைம்பது வோல்ட் பத்மநாபன்

பத்மநாபன் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். அது தானாக நடந்தது. அதற்கப்புறம் அவர் வாழ்க்கையில் நடந்ததெல்லாம் மத்திய அரசு விதிகளின்படியும் உபவிதிகளின்படியும் நடந்தது.

எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்துவிட்டு ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்து டெல்லிக்கு வந்தவர், லோதி ரோடு பக்கத்தில் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் இளநிலைத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்தின் பெயர் வேண்டாம். பெயர்ப்பலகையிலேயே இந்தியில் ஒன்றும் ஆங்கிலத்தில் வேறொன்றுமாக இருந்து, எது சரி என்று ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்த இடம் அது. சில வருஷத்தில் 'இளநிலை' உதிர்ந்து 'முதுநிலை' முளைத்தது. அத்தோடு ஆய்வுக்கூடம் அவரை மறந்துவிட்டது. மறந்தது என்று சொல்வது தவறு. அரசாங்கம் யாரையும் மறப்பதில்லை, பரிசீலனையில் வைக்கிறது. பத்மநாபன் பதினேழு வருஷமாகப் பரிசீலனையில் இருந்தார். அவர் தலை நரைத்தது. பரிசீலனை மட்டும் இளமை குன்றாமல் இருந்தது.

டெல்லித் தமிழர்களுக்கு ஊர், குலம், கோத்திரம் இவற்றோடு நாலாவதாக ஒன்று உண்டு. அதற்கு டைப் என்று பெயர். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "சார் எங்க இருக்கேள்?" என்று கேட்டால் அவருக்கு வேண்டியது விலாசம் அல்ல. அரசுக் குடியிருப்பில் டைப் டூவா, த்ரீயா, ஃபோரா என்பதுதான். பதிலைப் பொறுத்து அவர் மேற்கொண்டு பேசுவார், அல்லது ரசம் கேட்பார். பத்மநாபன் டைப் த்ரீ. அவரிடம் பேசியவர்களும் உண்டு, ரசம் கேட்டவர்களும் உண்டு.

டைப் ஃபோருக்கு மனுப் போடவே டெக்னிகல் ஆபீஸர் ஆகவேண்டும். ஆபீஸர் ஆக மதிப்பீட்டுக் குழு என்ற ஒன்றின் முன் போய் நிற்கவேண்டும். ஒருவருக்கு ஆயுளில் நாலு வாய்ப்பு. நாலாவதிலும் தவறினால் ஓய்வுபெறும் வரை முதுநிலை உதவியாளர்தான், பரிசீலனைகூடக் கிடையாது.

பத்மநாபனுக்கு மூன்று போயிருந்தன. முதல் தடவை, "இன்னும் அனுபவம் வேண்டும்" என்றார்கள். இரண்டாம் தடவை, "அனுபவம் இருக்கிறது, சொந்தமாக ஒன்றும் செய்யவில்லையே" என்றார்கள். மூன்றாம் தடவை சொந்தமாக ஒன்றைச் செய்து, துண்டில் சுற்றி, எடுத்துக்கொண்டு போனார்.

அது தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவி. லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வாங்கிய, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு அலுமினிய டப்பிகள் அதன் உயிர். ஒரு டப்பிக்குள் இருக்கும் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிர்ந்து, மனிதக் காதுக்கு எட்டாத ஒலி ஒன்றை எழுப்பும். ஒலி போய்த் தண்ணீரில் முட்டித் திரும்பி வரும். இன்னொரு டப்பி அதைக் காது கொடுத்துக் கேட்கும். போய் வர எவ்வளவு நேரம் என்பதை வைத்து எவ்வளவு தூரம் என்று சிவப்பு எண்களில் காட்டும். சுவருக்கு நேரே வைத்தால் சுவரைக் காட்டும். நல்ல கருவி.

"எத்தனை வோல்ட்?" என்று கேட்டார் வெளியூரிலிருந்து வந்த நிபுணர்.

"அஞ்சு, சார்."

"எவ்வளவு தூரம் பார்க்கும்?"

"மூணு மீட்டர்."

நிபுணர் முந்திரிப்பருப்பை மென்று விழுங்கினார். "என் டிரைவர் கண்ணாடி போடாமலே இதைவிட அதிகமாகப் பார்ப்பானே," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "அஞ்சு வோல்ட்! டார்ச் லைட்டா இது?" என்றார் இன்னொருவர். அதற்கும் சிரித்தார்கள். பத்மநாபனும் சிரித்தார், ஏனென்றால் மேலதிகாரிகள் சிரிக்கும்போது கீழே இருப்பவர் சிரிக்காமல் இருக்க விதியில் இடமில்லை.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே மனைவி வசுமதிக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தத் தடவையும் இல்லையா?"

"தூரம் போறாதாம்."

"எந்தத் தூரம்? நமக்கும் டைப் ஃபோருக்கும் நடுவில இருக்கறதா?"

பத்மநாபன் கருவியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், தங்கள் வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு அடியில் பொருத்திவிட்டு வந்தார். கோபத்தில் செய்த காரியங்களிலேயே அவர் செய்த உருப்படியான காரியம் அதுதான். அதுவரை வசுமதி விடியற்காலையில் மோட்டார் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். டெல்லிக் குளிரில் அந்தப் படிகள் ஒவ்வொன்றும் ஒரு பாவத்துக்குப் பரிகாரம். இப்போது தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரை ஏறியதும் கருவி சமையலறையில் 'கீ' என்று கத்தியது. அவள் போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி மோட்டாரை அணைத்தாள். தொட்டியின் ஆழமே ஒன்றேகால் மீட்டர். மூன்று மீட்டர் போதாது என்று அது ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஆனால் தொட்டி மதிப்பீட்டுக் குழுவில் உறுப்பினர் அல்ல.

பத்மநாபன் யோசித்தார். ஒருவன் ஆபீஸில் தூரம் போகவேண்டுமென்றால் என்ன செய்கிறார்கள்? அவன் சம்பள விகிதத்தை உயர்த்துகிறார்கள். அப்படியானால் கருவி தூரம் பார்க்கவேண்டுமென்றால் வோல்ட்டை உயர்த்துவதுதானே முறை? தனக்குப் பதினேழு வருஷமாகக் கிடைக்காத பதவி உயர்வைப் பொத்தான் அளவு டப்பிக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தார். வேறு எந்த நாட்டுக்காரனுக்கும் இது வெறும் மின்சாரக் கணக்கு. பத்மநாபனுக்கு அது நியாயம்.

விதிகளை மீறவும் இல்லை. ஐந்திலிருந்து நேரே நூற்றைம்பதுக்குத் தூக்கினால் சீனியாரிட்டி என்னாவது? முதலில் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தார். ஒரு மாதம் தகுதிகாண் பருவத்தில் வைத்தார். நடத்தை திருப்திகரமாக இருந்ததால் பணி நிரந்தரம் செய்தார். பிறகு இருபத்தி நாலு. பிறகு நாற்பத்தெட்டு. உயர்வு தாங்காமல் விரிசல் விட்டுச் செத்த படிகங்களை ஒரு போர்ன்விடா டப்பாவில் போட்டு வைத்தார். மேல் பதவிக்குப் போனதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த துணைச் செயலர்களை அவர் பார்த்திருக்கிறார். அதனால் ஆச்சரியப்படவில்லை.

நாற்பத்தெட்டுக்கு மேலே போகச் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்று வேண்டியிருந்தது. அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தலைமுடி மாதிரிக் கம்பியால் கையாலேயே சுற்றினார். எதிரே வசுமதி, எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் கற்றுக்கொண்ட கையால், அவருக்கே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சுற்று எண்ணவேண்டும். அவளுக்குக் கண்ணி எண்ணவேண்டும்.

"நாப்பத்தேழு," என்றார் பத்மநாபன்.

"முப்பத்தொண்ணு," என்றாள் வசுமதி.

"முப்பத்திரண்டு... சே! உன்னால என் எண்ணிக்கை போச்சு."

"என்னோடது மட்டும் இருக்கா? நாப்பத்தெட்டுன்னு பின்னிட்டேன். ஒரு கை நீளமாத்தான் இருக்கும், போட்டுக்கோங்கோ."

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்ம்ருதி அந்த மேஜையின் மிச்சமிருந்த மூலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ், ஜல்தி டைப் ஃபோர் வாங்கிடு. எனக்கு ஒரு டேபிளாவது கிடைக்கும்," என்றாள்.

வோல்ட் ஏறியது. தூரம் அதே வேகத்தில் ஏறவில்லை. வோல்ட்டை இரட்டித்தால் தூரம் இரட்டிக்காது. ஒலி போகும்போதும் தேய்கிறது, வரும்போதும் தேய்கிறது. ஊதியக் குழுவுக்குப் பிறகு சம்பளம் ஏறியும் மாதக் கடைசி அதே மாதக் கடைசியாக இருப்பதைப் பார்த்தவர் ஆதலால் இதையும் பத்மநாபன் பொறுத்துக்கொண்டார். குடியிருப்பிலிருந்த தெருநாய்கள் மட்டும் பொறுக்கவில்லை. நமக்கு எட்டாதது அவற்றின் காதுக்கு எட்டும். அவர் சுவிட்சைப் போடும்போதெல்லாம் மூன்று பிளாக் நாய்களும் ஒன்றுசேர்ந்து ஊளையிட்டன. அவருடைய ஆராய்ச்சிக்கு அதுவரை கிடைத்த ஒரே அங்கீகாரம் அது.

கடைசியில் நூற்றைம்பது வோல்ட்டில் பதினொரு மீட்டர் வந்தது.

கூடவே ஒரு சங்கடமும் வந்தது. பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் லேசாகத் தட்டினால் உடனே அடங்கும். ஓங்கி அடித்தால் ரொம்ப நேரம் ரீங்காரமிடும். படிகமும் அப்படித்தான். நூற்றைம்பது வோல்ட்டில் ஓங்கி அடித்த அடியில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த ரீங்காரம் அடங்குவதற்குள் பக்கத்திலிருந்து திரும்பி வருகிற எதிரொலி வந்து போய்விடும். தன் சத்தத்தில் தனக்கே எதுவும் கேட்காது. இதற்குப் பத்மநாபன் ஒரு வழி செய்தார். ஒலி எழுப்பிய பிறகு கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளும்படி கருவிக்கு ஏற்பாடு செய்தார். அதாவது ஒரு மீட்டருக்குள் என்ன இருந்தாலும் அதற்குத் தெரியாது.

இது குறையாயிற்றே என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் தம் அனுபவத்தை வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் எந்த அதிகாரியும் எதையும் ஒரு மீட்டருக்குள் வைத்துப் பார்த்து அவர் கண்டதில்லை. நடுவில் மேஜை இருக்கும். மேஜைக்கு முன்னால் நாற்காலி இருக்கும். அதற்குப் பின்னால்தான் மனிதன் நிற்பான். ஒரு மீட்டருக்குள் நடப்பது எதுவும் அரசாங்கத்தில் பதிவாக வேண்டியதில்லை.

தேவைப்பட்டால் வோல்ட்டைக் குறைத்துக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்திருக்கலாம். அதையும் வைக்கவில்லை. முறைப்படி உயர்ந்த ஒன்றைக் காரணமில்லாமல் கீழே இறக்குவது தண்டனை. அதற்கு விசாரணை நடத்தவேண்டும்.

நாலாவது மதிப்பீடு ஜனவரியில் என்று ஓலை வந்தது. 'களச் சோதனை செய்யப்பட்டதா?' என்று ஒரு கேள்வி அதில் இருந்தது. பத்மநாபனுக்கு எட்டிய ஒரே களம் மொட்டை மாடி. பழைய ஐந்து வோல்ட் கருவியைக் கழற்றி, அதன் உறுப்புகளில் பாதியைப் புதியதற்குப் போட்டு, நூற்றைம்பது வோல்ட்டைத் தொட்டி மூடியில் மாட்டினார். சாயங்காலம் தொட்டி காலி. ஒன்றேகால் மீட்டர் என்று சரியாகக் காட்டியது. 'களச் சோதனை வெற்றி' என்று எழுதிவிட்டுத் தூங்கினார்.

விடிந்ததும் வசுமதி வழக்கம்போல மோட்டாரைப் போட்டுவிட்டுப் போர்வைக்குள் 'கீ' சத்தத்துக்காகக் காத்திருந்தாள். தண்ணீர் ஏறி ஒரு மீட்டருக்குள் வந்தது. அந்தக் கணத்திலிருந்து கருவிக்குத் தண்ணீர் தெரியவில்லை. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே முட்டி முட்டி மூன்றாம் நாலாம் தடவையாக வந்த எதிரொலி ஏதோ காதில் விழுந்து, தொட்டியின் அடிக்கும் கீழே, பாதாளத்தில் எங்கோ தண்ணீர் இருப்பதாகச் சிவப்பு எண்களில் அறிவித்தது. தொட்டி நிரம்பியது. வழிந்தது. மூன்று மாடி இறங்கி, கீழ் வீட்டு ராஜாராமன் முதல் நாள் வெயிலுக்குப் போட்டு எடுக்க மறந்திருந்த ரஜாயில், கனத்த பஞ்சுப் போர்வையில், விழுந்தது.

ராஜாராமன் அதே ஆய்வுக்கூடத்தில் கணக்குப் பிரிவு. திருநெல்வேலிக்காரர். டெல்லிக்கு வந்து இருபது வருஷமாகியும் 'வே'யை விடாதவர். மாடிக்கு ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"என்னவே பத்மநாபன், காலங்காத்தால குத்தாலத்தக் கொண்டாந்து எங்க ரஜாயில விட்டுட்டீரு?"

"சாரி ராஜாராமன். கருவி ட்ரையல்ல இருக்கு."

"ட்ரையல்ல இருக்கது கருவியா, எங்க ரஜாயா? மாலா அங்க புழிஞ்சிக்கிட்டு நிக்கா. ஜனவரி மாசம் வே! அது காயுறதுக்குள்ள ஹோலி வந்துரும். ராத்திரிக்கு நான் உம்ம கருவியப் போத்திக்கிட்டுப் படுக்கவா?"

"பதினோரு மீட்டர் பாக்கும், தெரியுமோ?"

"பதினோரு மீட்டர் பாக்குமா! மூக்குக்குக் கீழ நெறஞ்சு வழியுத தண்ணியப் பாக்காதாக்கும்?"

அவர் போன பிறகு வசுமதி மெதுவாகச் சொன்னாள். "ஏன்னா, அவர் சொல்றதுல தப்பில்லையே. பழைய அஞ்சு வோல்ட்டையே மாட்டிடுங்கோ. அது பாட்டுக்குக் கத்திண்டிருந்தது."

"அது எங்க இருக்கு? அதுதான் இது. இப்போ நூத்தம்பதுக்குப் போயாச்சு."

"கீழ இறக்க முடியாதா?"

"கமிட்டிக்கு முன்னாடியா? அஞ்சு வோல்ட்டைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாளே, ஞாபகமில்லையா? இதுதான் கடைசி சான்ஸ், வசு. இது போனா அவ்வளவுதான்."

ஸ்ம்ருதி பல் தேய்த்துக்கொண்டே வந்து, "அப்பா, இது தூர்தர்ஷன் மாதிரியா? தூரத்துல இருக்கறது மட்டும்தான் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பத்மநாபன் கருவியைக் கழற்றித் துண்டில் சுற்றினார். வசுமதி மறுநாளிலிருந்து மறுபடியும் மாடிப்படி ஏறினாள்.

மதிப்பீட்டு நாளன்று டெல்லியில் சூரியன் வேலைக்கு வரவில்லை. ஆய்வுக்கூடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் சோதனை. தண்ணீரை வைத்துத்தான் காட்டியிருக்கவேண்டும்; ஆனால் தண்ணீர் மட்டம் ஆராயும் அந்த ஆய்வுக்கூடத்தின் குழாய்களில் அன்று தண்ணீர் வரவில்லை. அதனால் கோடியில் இருந்த சுவரை அளப்பது என்று முடிவாயிற்று. பத்மநாபன் ஒரு கை நீளமான ஸ்வெட்டரோடு கருவியை முக்காலியில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஹீட்டரைச் சுற்றிக் குழு: தலைவியாக ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டாக்டர் சுஷ்மா பட்நாகர்; தஞ்சாவூர்க்காரரும் எதையும் சிரிக்காமல் சொல்லக்கூடியவருமான நிதி உறுப்பினர் கஸ்தூரிரங்கன்; பழைய நிபுணர்; பழைய முந்திரிப்பருப்பு.

சுவிட்சைப் போட்டார். சிவப்பு எண்கள் 11.02 என்றன. ஒரு பியூன் டேப் பிடித்து அளந்தான். சரியாக இருந்தது.

"எத்தனை வோல்ட்?" என்றார் நிபுணர்.

"நூத்தம்பது, சார்."

நிபுணர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் பேச்சும் எழவில்லை. பத்மநாபனின் இருபத்துச் சொச்ச வருஷ உத்தியோகத்தில் ஓர் அறை முழுக்க அவரை மரியாதையாகப் பார்த்தது அப்போதுதான். அது அரை நிமிஷம் இருக்கும்.

டாக்டர் சுஷ்மா பட்நாகருக்கு ஒரு பழக்கம். கண்ணாடி போட்டால் வயது தெரிகிறது என்பதால் போடமாட்டார்; அதனால் எதையும் கிட்டே போய்ப் பார்ப்பார். எழுந்து, காஷ்மீர் சால்வையை இறுக்கிக்கொண்டு, நேரே கருவிக்கு முன்னால் வந்து குனிந்து நின்றார். அவருக்கும் கருவிக்கும் நடுவே ஒரு முழம்.

எண்கள் 11.02 என்றே இருந்தன.

கஷ்டம் என்னவென்றால் பிழை ஒன்றல்ல, இரண்டு. அவர் நின்றது கருவி காதைப் பொத்திக்கொள்ளும் எல்லைக்குள். அதோடு கம்பளி ஒலியைத் தின்றுவிடும், திருப்பி அனுப்பாது. இரண்டு பக்கமும் கசிந்து போன ஒலி சுவரைத் தொட்டுத் திரும்பி வந்து, தாழ்வாரம் காலியாக இருப்பதாகச் சொன்னது.

"பத்மநாபன்ஜி," என்றார் இயக்குநர். "மை கஹாங் ஹூன்?" தான் எங்கே இருக்கிறோம் என்று அவர் எண்களில் தேடினார்.

கருவியின்படி இயக்குநர் அங்கே இல்லை. இதை ஒரு முதுநிலை உதவியாளர் எந்த மொழியில் சொன்னாலும் ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமுண்டு.

கஸ்தூரிரங்கன் தொண்டையைக் கனைத்தார். ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "மேடம், இந்தக் கருவி உங்களைத் தாண்டி நேரடியாகச் சுவரோடு தொடர்பு கொள்கிறது. உரிய வழியாகப் போகவில்லை." பிறகு பத்மநாபன் பக்கம் லேசாகச் சாய்ந்து தமிழில், "என்ன ஓய், டைரக்டரையே பைபாஸ் பண்றதே உம்ம யந்திரம்! ஏதாவது பண்ணும்," என்றார்.

பண்ணுவதற்குச் சுவிட்ச் இல்லை. இருந்ததெல்லாம் ஒரே வழி. பத்மநாபன் அதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"மேடம்... தோடா பீச்சே."

கொஞ்சம் பின்னால் போங்கள். அந்த ஆய்வுக்கூடத்தின் வரலாற்றில் இயக்குநரைப் பின்னால் போகச் சொன்னவர் அமைச்சகத்திலிருந்துதான் வந்திருக்கிறார். டாக்டர் பட்நாகர் வியப்பிலேயே பின்னால் போனார். 11.02. இன்னும் பின்னால். 11.02. சால்வை மென்மையாக, மரியாதையாக, எல்லா ஒலியையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

"அபி பி நஹி?" இப்போதும் இல்லையா என்றார். குரலில் வியப்பு போய் வேறு ஏதோ வந்திருந்தது.

சால்வையை எடுங்கள் என்று சொல்லப் பத்மநாபன் வாயைத் திறந்தார். பக்கத்தில் இருந்த கஸ்தூரிரங்கன் அவர் காலை மிதித்தார். திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தபோது, மேஜைமேல் அவருடைய மதிப்பீட்டு ஃபைலே கிடந்தது. தடித்த அட்டை, சிவப்பு நாடா. எடுத்துக்கொண்டு போய் இரண்டு கையாலும் நீட்டினார்.

"மேடம், இதை முன்னாடி பிடிச்சுக்கோங்கோ. ப்ளீஸ்."

பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டார். ஆனாலும் ஃபைலை நீட்டினால் வாங்காத அதிகாரி பிறக்கவில்லை. கை தானாக வந்து வாங்கி, நெஞ்சுக்கு நேரே பிடித்தது.

2.14 என்றன எண்கள்; பியூன் உரக்கப் படித்தான்.

இயக்குநர் ஃபைலோடு ஓரடி பின்னால் போனார். 2.45. இன்னும் போனார். 3.10. ஃபைலைக் கீழே இறக்கினார். 11.02. மறுபடி உயர்த்தினார். 3.10. குழந்தை மாதிரி நாலைந்து தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தார்.

"ஸோ, ஃபைல் தெரிகிறது," என்றார் கடைசியில். "நான் தெரியவில்லை."

"மேடம்," என்றார் கஸ்தூரிரங்கன், முகத்தில் ஒரு தசை அசையாமல், "அரசாங்கம் முழுவதும் அந்த அடிப்படையில்தான் இயங்குகிறது."

நிபுணர் முதலில் சிரிக்கலாமா என்று பார்த்தார். இயக்குநர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை பத்மநாபன் சிரிக்கவில்லை, வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குழுவின் குறிப்பு சுருக்கமானது. 'கருவி தொலைவிலுள்ளதைத் துல்லியமாகக் காண்கிறது. ஆவணங்களைத் தனிப்பட்ட முறையில் இனங்காண்கிறது. அரசுப் பயன்பாட்டுக்கு முற்றிலும் ஏற்றது. பரிந்துரைக்கப்படுகிறது.' கருவிக்கும் அதைச் செய்தவருக்கும் ஒரே வரியில் பரிந்துரை. கோடை வெயில் ஏறுவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. பத்மநாபன் டெக்னிகல் ஆபீஸர் ஆனார்.

கருவியை இயக்குநர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். பத்மநாபனையும் ஏறக்குறைய அப்படித்தான். தனி அறை. கண்ணாடி பதித்த அகலமான மேஜை. முதுகில் வெள்ளைத் துண்டு போட்ட நாற்காலி. பச்சை மையில் கையெழுத்திடும் உரிமை. டைப் ஃபோர் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்குத் தனி வரிசை இருந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காய் பேரம் பேசும்போதுகூட அவர் பார்வை கடைக்காரரைத் தாண்டி எங்கோ நிலைத்திருந்தது.

ஒரு நாள் ராஜாராமன் அந்த அறைக்குப் போனார். தொட்டி மறுபடியும் வழிகிறது, வசுமதி மேலே போய்ச் சேர்வதற்குள் ரஜாய் நனைந்துவிடுகிறது என்று சொல்லத்தான். உரிமையோடு மேஜையைச் சுற்றிப் போய், நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"என்னவே, எப்படி இருக்கீரு?"

பத்மநாபன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வே! பத்மநாபன்!"

ஒன்றுமில்லை. ராஜாராமன் கணக்குப் பிரிவுக்காரர். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று தெரிந்தவர். வாசல் வரை பின்வாங்கினார். வெளியே பியூன் ஸ்டூலில் கிடந்த ஒரு ஃபைலை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்தார்.

"அடடே, ராஜாராமனா? வாங்கோ வாங்கோ. என்ன விஷயம்?" என்றார் பத்மநாபன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜாராமன் மாடிப்படியில் வசுமதியைப் பார்த்தபோது இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தார். "தங்கச்சி, கிட்டப் போயி ஒண்ணும் கேக்காத. ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு அட்டையக் காட்டு. சட்டுனு புரியும்." அவள் அவரைத் திட்டினாள். ஆனால் முயன்று பார்த்தாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. காஸ் சிலிண்டர், ஸ்ம்ருதியின் ட்யூஷன், தீபாவளிக்கு ஊருக்குப் போவது எல்லாவற்றுக்கும் தனித்தனி அட்டை. வசுமதி சமையலறை வாசலில் நின்று உயர்த்துவாள். அவர் கையை நீட்டுவார்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், விடியற்காலை மாடிப்படி ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போன பிறகு, அவள் ஓர் அட்டையைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரே தாள். 'பொருள்: மொட்டை மாடித் தொட்டிக்கு ஐந்து வோல்ட் கருவி ஒன்று செய்து தருவது தொடர்பாக.' அவர் வாங்கி இரண்டு தடவை படித்தார். அவள் மெதுவாகக் கிட்டே வந்து, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவர் தோளுக்கு மேலே குனிந்து நின்றாள்.

"ஏன்னா, அஞ்சு வோல்ட் போறும்," என்றாள். "அதுக்குத் தண்ணி நன்னாத் தெரிஞ்சுது."

பத்மநாபன் எதிர்ச் சுவரைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். தாளின் ஓரத்தில், நேரில் வந்து விளக்கு என்பதற்கு அதிகாரிகள் ஃபைலில் எழுதும் ஒரே சொல்லை எழுதிக் கையெழுத்திட்டு, அட்டையை மூடி, சமையலறை வாசல் இருக்கும் திசையில் நீட்டினார்.

'பேசவும்.'

மேலே தொட்டி வழிந்துகொண்டிருந்தது.